போவா உங்களை அளந்து பார்க்கிறதா?

மாணவர்களே, புலனத்தில் வலம் வரும் இந்தக் கதை உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். ஒருவர் வீட்டில் மலைப்பாம்பு வளர்க்கிறார். சில வாரங்களாக அது இரை எடுக்கவில்லை. இரவானால் அவர் பக்கத்தில் வந்து நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொள்கிறது. “எவ்வளவு பாசம் பாருங்கள்!” என்று பூரித்துப்போய்க் கால்நடை மருத்துவரிடம் சொல்கிறார். மருத்துவர் முகம் வெளிறிப்போகிறது. “பாசமில்லை ஐயா, உங்களை விழுங்க முடியுமா என்று அளந்து பார்க்கிறது. அதற்காகத்தான் வயிற்றைக் காலியாக வைத்திருக்கிறது” என்கிறார்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனையும் பொய். மலைப்பாம்பு பதுங்கிக் காத்திருந்து வேட்டையாடும் பிராணி. வாசனையும் சூடும் அசைவும் ஒன்றுசேரும் நொடியில் பாய்ந்துவிடும். பக்கத்தில் படுத்து அளந்துகொண்டிருந்தால் எலி அதற்குள் அடுத்த தோட்டத்திற்குப் போயிருக்கும். தன் வாய்க்குள் அடங்காத இரையைப் பிடித்து, வெகுநேரம் போராடி, கடைசியில் விட்டுவிட்டுப் போகும் பாம்புகளும் உண்டு. அளந்து பார்க்கும் வழக்கம் இருந்தால் அந்த வீண் உழைப்பு எதற்கு? பட்டினி கிடந்தால் வயிற்றில் இடம் கூடும் என்பதும் தவறு. பட்டினியில் பாம்பின் குடல் சுருங்கும்.

கதையில் ஒரே ஒரு விஷயம் மட்டும் உண்மை. வளர்ப்புப் பாம்பு சில வேளைகளில் சாப்பிட மறுக்கும். அதை வளர்ப்பவர் அதன் நடத்தைக்குத் தப்பான பொருள் சொல்லிக்கொள்வார். ஒருவர் பாசம் என்பார், இன்னொருவர் கோபம் என்பார், மூன்றாமவர் சதி என்பார். பாம்பு நினைத்தது இந்த மூன்றில் எதுவுமாக இராது.

செல்லப் பிராணியாக வளர்க்க உலகமெங்கும் பலர் விரும்பும் போவாவை எடுத்துக்கொள்வோம். இதன் அறிவியல் பெயரே ‘போவா கன்ஸ்ட்ரிக்டர்’தான். 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் வைத்த பெயர். பொதுப்பெயரும் அறிவியல் பெயரும் ஒன்றாக இருக்கும் பிராணிகள் மிகச் சில. தாயகம் மத்திய, தென் அமெரிக்கா. ஜொகூர்க் காடுகளில் போவா கிடையாது. இங்கே இருப்பவை ‘ஊலார் சாவா’ எனப்படும் பைத்தான் இனங்கள். தமிழில் இரண்டையும் மலைப்பாம்பு என்றே சொல்லிவிடுகிறோம். பைத்தான் முட்டையிட்டு அடைகாக்கும், போவா குட்டி போடும். தமிழ்நாட்டில் ‘இருதலைப் பாம்பு’ என்று சொல்லி ஏமாற்றுக்காரர்கள் லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்களே, அந்த மண்ணுளிப் பாம்பும் போவாவின் சொந்தக்காரர்தான். அதற்கும் தலை ஒன்றுதான்.

போவாவுக்கு நஞ்சு இல்லை. பின்பக்கம் வளைந்த கொக்கி போன்ற பற்கள் உண்டு. வளர்ந்தது பொதுவாக 2 முதல் 3 மீட்டர் நீளம் இருக்கும். நன்றாகக் கவனித்தால் 20, 30 ஆண்டு வாழும். அமெரிக்காவின் பிலடெல்பியா மிருகக்காட்சி சாலையில் ஒரு போவா 40 ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்து 1977-இல் இறந்தது. இன்று நீங்கள் படிவம் மூன்றில் இருந்து ஒரு குட்டியை வாங்கினால், உங்கள் பிள்ளை படிவம் மூன்றுக்கு வரும்போதும் அது கூண்டில் இருக்கலாம். கடையில் குட்டியைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது இந்தக் கணக்கு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இதயத் துடிப்பைக் கேட்கும் உடல்

பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது உங்களைப் பயமுறுத்த அல்ல. காற்றில் மிதக்கும் வாசனைத் துகள்களை நாக்கு அள்ளிக்கொண்டு போகிறது. மேல்வாயில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பு அவற்றை ஆராய்கிறது. நாக்கு இரண்டாகப் பிளந்திருப்பதால் வாசனை இடப்பக்கம் கூடுதலா வலப்பக்கம் கூடுதலா என்று ஒப்பிட முடிகிறது. அதோடு வெப்பத்தையும் உணரும். பைத்தான்களின் உதட்டு ஓரத்தில் சிறு குழிகள் வரிசையாக இருக்கும், அவைதாம் வெப்ப உணரிகள். போவாவுக்கு அந்தக் குழிகள் இல்லை. ஆனாலும் உதட்டுச் செதில்களில் வெப்பத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு.

இப்போது யோசித்துப் பாருங்கள். எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் கூண்டுக்குள் விடுகிறீர்கள். பாம்புக்கு என்ன செய்தி போகிறது? எலி வாசனை, உடல் சூடு, அசைவு. மூன்றும் பொருந்திவிட்டன. பாய்கிறது. “சோறு போட்ட கையையே கடித்துவிட்டதே” என்று நாம் மனம் நொந்து கேட்போம். அதன் கணக்கில் அது கையே இல்லை, உணவு. போவா வளர்ப்பவர்கள் வாங்கும் கடிகளில் பல இப்படிப்பட்டவைதான்.

கடித்த பிறகு என்ன நடக்கிறது? இரை மூச்சுத் திணறிச் சாகிறது என்றுதான் பழைய புத்தகங்களில் படித்திருப்போம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் டிக்கின்சன் கல்லூரியின் ஸ்காட் போபேக்கும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மயக்க மருந்து கொடுத்த எலிகளின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் அளக்கும் கருவியைப் பொருத்தி, போவாவிடம் கொடுத்தார்கள். 2015-இல் வெளிவந்த முடிவு இது: பாம்பு இறுக்கத் தொடங்கிய 6 விநாடிகளுக்குள் எலியின் தமனியில் இரத்த அழுத்தம் பாதியாக விழுந்தது. இதயத்திற்குத் திரும்பும் சிரையின் அழுத்தமோ 6 மடங்கு ஏறியது. அதாவது இரத்த ஓட்டம் அப்படியே அடைபட்டுப் போகிறது. மூளைக்கும் இதயத்திற்கும் இரத்தம் போகாதபோது, மூச்சு திணறும் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

அதே குழு 2012-இல் செய்த சோதனை இதைவிடச் சுவையானது. இறந்த எலிகளைச் சூடாக்கி, அவற்றின் மார்புக்குள் தண்ணீர் நிரப்பிய சிறு குமிழைப் பொருத்தி, வெளியிலிருந்து பம்பால் துடிக்க வைத்தார்கள். செயற்கை இதயம்! துடிக்காத எலியைப் போவா கொஞ்ச நேரம் இறுக்கிவிட்டு விட்டது. துடிக்கும் எலியை வெகுநேரம், கூடுதல் பலத்தோடு இறுக்கியது. பாதியில் துடிப்பை நிறுத்தியதும் பிடியைத் தளர்த்தத் தொடங்கியது. தன் உடலால் இரையின் இதயத்தைக் கேட்கிறது போவா. உயிருள்ள இரையை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காமல் கூண்டிலேயே வளர்ந்த பாம்புகளும் இப்படித்தான் நடந்துகொண்டன. யாரும் கற்றுக்கொடுக்காத பாடம் அது.

இறுக்குவதற்குத் தசையாற்றல் நிறையச் செலவாகும். தேவைக்கு மேல் இறுக்கினால் நட்டம், பாதியில் விட்டால் எலி கடித்துவிடும். எப்போது நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள இதயத் துடிப்பைவிட நல்ல அடையாளம் எது?

சரி, தன் உடலையே கயிறாக்கி இறுக்கும் பாம்பு தான் எப்படி மூச்சு விடுகிறது? பாம்புக்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லை. விலா எலும்புகளை அசைத்துத்தான் நுரையீரலுக்குள் காற்றை இழுக்க வேண்டும். கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டை கட்டுவார்களே, அதே பட்டையை ஆய்வாளர்கள் போவாவின் உடலில் கட்டிக் காற்றடைத்தார்கள். பட்டை இறுக்கிய இடத்து விலா எலும்புகள் நின்றுவிட்டன. உடனே வேறொரு பகுதியின் விலா எலும்புகள் மூச்சிழுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டன. 2022-இல் வந்த முடிவு இது. முன்பகுதி எலியை இறுக்கும்போது பின்பகுதி மூச்சு விடுகிறது.

விழுங்குவதைப் பற்றியும் ஒரு தப்பான செய்தி இருக்கிறது. பாம்பு தாடையைக் கழற்றிக்கொள்ளும் என்பார்கள். எதுவும் கழல்வதில்லை. கீழ்த்தாடையின் இடப்பக்க எலும்பும் வலப்பக்க எலும்பும் நம் மோவாயில் இருப்பதுபோல் ஒட்டிப்போகாமல், இழுபடும் தசைநாரால் சேர்ந்திருக்கின்றன. ஆகவே இரண்டும் விலகும். ஒருபக்கப் பற்கள் பிடித்துக்கொள்ள மறுபக்கம் ஓர் எட்டு முன்னேறும். இப்படி மாறி மாறிப் பாம்பு தன் தலையை இரையின் மேல் நடத்திக்கொண்டு போகிறது.

ஒரு சாப்பாட்டுக்கு ஒரு புது வயிறு

மலைப்பாம்பு வகைகளின் செரிமானத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அலபாமா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சீக்கர். பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கினால் அதன் உடலின் எரிபொருள் செலவு பல மடங்கு, சில வேளைகளில் 40 மடங்கும்கூட, ஏறுகிறது என்று கண்டார். சிறுகுடலின் எடை இரட்டிப்பாகிறது. இதயமோ இரண்டே நாளில் 40 விழுக்காடு பெரிதாகிறது. செரித்து முடிந்ததும் எல்லாம் மறுபடி சுருங்கிவிடும். விருந்து வரும் நாளில் மட்டும் அடுப்பு மூட்டும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது உண்ணும் போவாவும் இதே வகை உடலமைப்பு கொண்டதுதான்.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், பாம்பு வளர்ப்பவர்கள் சொல்லும் விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம், அவை தாமாக விளங்கும்.

தினமும் தீனி போடக்கூடாது. பூனைக்கு மூன்று வேளை என்றால் போவாக் குட்டிக்கு 7 முதல் 10 நாளுக்கு ஓர் எலிக்குஞ்சு. வளர்ந்ததற்கு 3, 4 வாரத்திற்கு ஓர் எலி போதும். இரையின் பருமன் பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தின் அளவைத் தாண்டக்கூடாது. “பாவம், ஆசையாகப் பார்க்கிறதே” என்று கூடுதலாகப் போட்டால் கொழுப்பு ஈரலில் படிந்து பாம்பு இளமையிலேயே சாகும். அன்பின் பேரால் செய்யப்படும் கொலை என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உயிருள்ள எலியை விட வேண்டாம். கூண்டில் மாட்டிய எலி தன் உயிருக்குப் போராடும். பாம்பின் கண்ணையும் முகத்தையும் கடித்துக் குதறிவிடும். உறைபெட்டியில் வைத்த எலியை இளக்கி, வெந்நீரில் சூடேற்றி, நீண்ட இடுக்கியால் பிடித்து நீட்டுவதே முறை. சூடாக இல்லாவிட்டால் பாம்புக்கு அது இரையாகவே தெரியாமல் போகலாம்.

அப்புறம், வீட்டு வாசல் கால்வாயிலோ செம்பனைத் தோட்டத்திலோ பிடித்த எலியைக் கொடுத்துச் செலவை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தோட்டத்து எலி நஞ்சுக் கட்டியைத் தின்றிருக்கலாம். கொன்றது நஞ்சா பாம்பா என்று பிறகு கண்டுபிடிக்கவும் முடியாது. எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் உங்களுக்கும் வரலாம்.

இரை விழுங்கிய பிறகு குறைந்தது 48 மணி நேரம் தொடாதீர்கள். பாம்பு தன் உடலின் பெரும் ஆற்றலைச் செரிமானத்தில் போட்டிருக்கும் நேரம் அது. அப்போது தூக்கி விளையாடினால், அல்லது குளிர் பட்டால், விழுங்கியதைக் கக்கிவிடும். இரைப்பை அமிலமும் சேர்ந்து வெளியேறுவதால் தொண்டைக்குழல் புண்ணாகும். கக்கிய பாம்புக்கு இரண்டு வாரமாவது ஓய்வு கொடுத்துவிட்டுப் பிறகு சிறிய இரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குளிர் என்று சொன்னேன். வெளிநாட்டுக் காணொளிகளில் பாம்புக் கூண்டுக்குச் சூடேற்றும் விளக்கு, பாய் என்று ஏகப்பட்டதைக் காட்டுவார்கள். போவாவுக்குச் சுற்றிலும் 27 முதல் 29 பாகை செல்சியஸ், குளிர்காய ஒரு மூலையில் 31 முதல் 33 பாகை வேண்டும். ஜொகூரின் பகல் வெயில் இதைக் கிட்டத்தட்ட இலவசமாகவே தருகிறது. காற்றின் ஈரமும் போவாவுக்கு ஏற்றதுதான். இங்கே ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. இரவு அறையில் குளிர்சாதனத்தை 18 பாகையில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். குளிர் இரத்தப் பிராணிக்குப் போர்வையால் பயனில்லை, அதன் உடம்புக்குள் சூடு உண்டாவதே மிகக் குறைவு. வயிற்றில் இருக்கும் எலி செரிக்காமல் அழுகத் தொடங்கும். காலையில் கூண்டு நாறும். ஆகவே பாம்பு இருக்கும் அறையில் குளிர்சாதனம் வேண்டாம், அல்லது தெர்மோஸ்டாட் வைத்த சூடேற்றி வேண்டும்.

அதன் மொழி

நாய்க்கு வாலும் காதும் முகமும் உண்டு. பாம்புக்கு முகபாவம் கிடையாது, இமைகூடக் கிடையாது. இருந்தாலும் அது பேசாமலில்லை.

கழுத்தை ஆங்கில ‘எஸ்’ எழுத்துப்போல் வளைத்துப் பின்னிழுத்துக்கொண்டு, பலமாகச் சீறினால் பயத்தில் இருக்கிறது. விலகிப் போய்விடுங்கள். கண் பால் படிந்ததுபோல் நீலம் பாய்ந்து, தோல் மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது. அந்த நாள்களில் அதற்குப் பார்வை சரியாகத் தெரியாது, எரிச்சலோடு இருக்கும், சாப்பிடாது. முன்பு சொன்ன ‘அளந்து பார்க்கும்’ பட்டினிக்கு இதுவே எளிய காரணமாக இருந்திருக்கலாம். கூண்டை இடம் மாற்றியது, ஒளிந்துகொள்ள மறைவிடம் இல்லாதது, குளிர், போன வாரம் போட்ட மிகப் பெரிய எலி, இவையும் காரணமாகலாம். ஆரோக்கியமான பெரிய போவா சில வாரம் உண்ணாவிட்டால் பதறத் தேவையில்லை. உடல் மெலிந்தாலோ, வாயில் நுரை வந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தால், “என்னோடு விளையாட வா” என்று அழைக்கவில்லை. வெளியேற வழி தேடுகிறது. கையில் சுற்றிக்கொள்கிறதே, அது அணைப்பா? மரக்கிளையில் வாழப் பழகிய உடல் விழாமல் பற்றிக்கொள்கிறது. நீங்கள் அப்போது ஒரு கிளை. இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் பயமில்லாத கிளையாக இருப்பதும் ஒரு தகுதிதான். நீங்கள் ஆபத்தில்லை என்று பாம்பு பழகிக்கொள்ளும், அது உண்மை.

அனுபவம் உள்ளவர்கள் கூண்டைத் திறந்ததும் கையை நீட்டமாட்டார்கள். ஒரு கொக்கிக் கம்பியால் பாம்பின் உடலை மெதுவாகத் தொடுவார்கள். ‘இது சாப்பாட்டு நேரமில்லை’ என்பதற்கு அது குறிப்பு. திரும்பத் திரும்பச் செய்தால் பாம்பு இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொள்ளும். தொட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் முக்கியம். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருப்பது சாதாரணம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

2 மீட்டரைத் தாண்டிய எந்த மலைப்பாம்புக்கும் தனியாளாக இரை கொடுக்கக்கூடாது. பக்கத்தில் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். சாதாரண போவாவால் பெரியவர் ஒருவருக்கு உயிராபத்து வருவது மிக அரிது. உலகிலேயே நீளமான பாம்பாகிய நம் ஊர் வலைப் பின்னல் மலைப்பாம்பின் கதை வேறு. 1995 செப்டம்பரில் செகாமட் வட்டாரத்தில் பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர், 7 மீட்டர் அளவுள்ள அப்படிப்பட்ட பாம்பிடம் சிக்கி உயிரிழந்தார். இவை அபூர்வம். அபூர்வம் என்பதற்காக நடக்காது என்று பொருளில்லை.

அந்த இனம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 2010-இன் கீழ் பாதுகாக்கப்பட்டது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் உரிமம் இல்லாமல் பிடிக்கவோ வைத்திருக்கவோ விற்கவோ கூடாது. போவாவும் சைட்ஸ் எனும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே வாங்குவதற்கு முன் பெற்றோரோடு பெர்ஹிலித்தானிடம் கேளுங்கள். தாள் எதுவும் காட்டாமல் முகநூலில் விற்பவரிடம் போக வேண்டாம்.

வளர்க்க முடியவில்லை என்றால் காட்டில் விட்டுவிடலாமே என்று நினைக்கலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் செல்லப் பிராணியாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிலேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகின. 2012-இல் வெளியான ஆய்வின்படி, அங்கே சாலையோரம் கண்ணில் படும் ரக்கூன்களின் எண்ணிக்கை 99 விழுக்காடு சரிந்துவிட்டது. கரீபியக் கடலின் அரூபாத் தீவில் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பது போவாவேதான்.

போவா வாங்காமலே இந்தப் பாடத்தைப் பார்க்க ஜொகூரில் வழி இருக்கிறது. குளுவாங், கூலாய், கோத்தா திங்கி பக்கம் தோட்டங்களில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். செம்பனைப் பழத்தைக் கொறிக்கும் எலிகளைத் தேடி மலைப்பாம்பு வரும். கோழிக்கூட்டுக்கும் வரும், அதுதான் சண்டை. பாம்பைக் கண்டால் தடியை எடுக்காமல், தள்ளி நின்று 999-ஐ அழைக்கச் சொல்லுங்கள். பொதுத் தற்காப்புப் படையினரோ தீயணைப்பு வீரர்களோ வந்து பிடித்துச் செல்வார்கள்.

அவர்கள் பிடிக்கும்போது எடுத்த படங்கள் நாளிதழில் வரும். வயிறு புடைத்த பாம்பு, விழுங்கிய கோழியையோ ஆட்டையோ கக்குவதுபோல் ஒரு படம். “பேராசை பிடித்த பாம்பு, செரிக்காமல் கக்குகிறது” என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். சாப்பிட்ட மறுநாள் கூண்டிலிருந்து தூக்கிய போவா கக்கியதே, அதே காரணம்தான் இங்கும். சுற்றிலும் ஆள்கள், வெளிச்சம், கூச்சல். இரையைச் சுமந்துகொண்டு அதனால் ஓட முடியாது. வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்த ஒரே சாப்பாட்டைக் கீழே போட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறது.